அரை மிதியில் தடுமாறிய டட்சன்: ஒரே எஞ்சினில் இரண்டு பழுதுகளைப் பிரித்தறிந்த கதை

என் மாமாவின் டட்சன் 1200 பிக்கப் கடந்த மார்கழி மழையில் தொடங்கித் தை மாதம் முடியும் வரை ‘மிஸ்’ அடித்துக்கொண்டேதான், அதாவது எஞ்சின் இடையிடையே துடிப்பைத் தவறவிட்டபடியேதான், ஓடியது. ஸ்ரீ இலக்கத் தகட்டுடன் இன்றும் உழைக்கும் பழைய வண்டி அது. இலங்கை மலையகத்து லிந்துலையில் கோவா, லீக்ஸ், கரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன் நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவதே அதன் அன்றாட வேலை. அரை தொன் சுமக்க வடிவமைக்கப்பட்ட அந்த வண்டியில் இருப்பது 1171 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் கொண்ட ஏ12 எஞ்சின். அதில் கணினி இல்லை, சென்சர் இல்லை, ஸ்கேனரை மாட்டிப் பழுதின் இலக்கத்தை வாசிக்கவும் வழியில்லை. பொயின்ட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் தொடுமுனை), கொண்டென்சர் (பொயின்ட் தீயாமல் காப்பது), கொயில் (மின்னழுத்தத்தை உயர்த்துவது), டிஸ்ட்ரிபியூட்டர் (மின்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்வது), கார்பரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலப்பது) என்ற ஐந்து பெயர்களுக்குள்தான் எதையும் தேட வேண்டும்.

நான் கையை வைப்பதற்கு முன்பே மாமா வண்டியை ஒரு கராஜில் விட்டிருந்தார். அங்கே சிலிண்டருக்குள் மின்பொறி கொடுக்கும் நான்கு பிளக்குகளும் பிளக் வயர்களும் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. மிஸ் அப்படியே இருந்ததால், அடுத்ததாகக் கார்பரேட்டரை மாற்ற வேண்டும் என்றும், நல்ல நிலையில் உள்ள பழைய கார்பரேட்டர் ஒன்று கைவசம் இருக்கிறது என்றும் சொல்லி ஒரு பெருந்தொகையைக் கேட்டார்கள். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வண்டிகளின் விலையோடு அவற்றின் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிவிட்டதை மலையகத்தில் வண்டி வைத்திருப்பவர் எவரும் அறிவார். அந்தத் தொகையைக் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் பார்த்துவிடுகிறேன் என்று மாமாவிடம் கேட்டு, வண்டியை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தேன்.

முதல் நாள் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. விடியற்காலையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நுவரெலியா வரை போய்வந்து, எந்த இடத்தில், எந்தக் கியரில், பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கும்போது எஞ்சின் தடுமாறுகிறது என்பதை மட்டும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டேன். பனிமூட்டமான காலையில் எஞ்சின் தொடங்கியதும், பெடலை மிதிக்காமல் ஓடும் ஐட்லிங்கிலேயே குலுங்கியது. பத்து, பதினைந்து நிமிடங்களில் சூடேறியதும் அந்தக் குலுக்கல் பெருமளவு அடங்கியது. ஆனால் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வரும் ஏ7 வீதி நானுஓயாவை நோக்கி ஏறத் தொடங்கியதும், மூன்றாம் கியரில் வேறொரு தடுமாற்றம் ஆரம்பித்தது. சீரான இடைவெளி இல்லாமல் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. சைலன்சரில் இடையிடையே வெடிச் சத்தமும் கேட்டது. அப்போது மாமா சொன்ன ஒரு வார்த்தைதான் பின்னர் எனக்கு வழிகாட்டியது. “முழுசா மிதிச்சா நல்லா இழுக்குது தம்பி. பாதி மிதியில புடிச்சாத்தான் இந்த வெட்டு வெட்டுது.” நான் அதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் இரண்டு தடுமாற்றங்களுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நானாகவே முடிவுகட்டிவிட்டதால், அந்த வார்த்தையின் பொருள் இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

காலைக் குலுக்கலை முதலில் எடுத்துக்கொண்டேன். ஐட்லிங்கில் சைலன்சர் குழாயின் வாயருகே ஒரு தாளைப் பிடித்தபோது, அது சீராகத் துடித்து, குறித்த இடைவெளியில் ஒருமுறை உள்ளே இழுபட்டது. எரிபொருட் கலவையில் பொதுவான கோளாறு இருந்தால் துடிப்பு பெரும்பாலும் ஒழுங்கற்று இருக்கும். இப்படி ஒழுங்காகத் தவறும் துடிப்பு ஒரு குறிப்பிட்ட சிலிண்டரைச் சுட்டும். எனவே இறப்பர் கையுறை அணிந்துகொண்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கழற்றிய வயரின் முனையைக் காற்றில் தொங்கவிடாமல் எஞ்சின் உடலுக்கு அருகில் பிடிக்க வேண்டும். மின்பொறி பாய இடமில்லாமல் போனால் கொயிலின் உள்காப்பு அந்த மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும். முதலாம், இரண்டாம், நான்காம் சிலிண்டர்களின் வயரைக் கழற்றியதும் எஞ்சின் உடனே தளர்ந்தது. மூன்றாம் சிலிண்டரின் வயரைக் கழற்றியபோது எந்த மாற்றமும் தெரியவில்லை. ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் அதுதான்.

மூன்றாம் பிளக் பெற்றோல் ஊறி ஈரமாக இருந்தது. மற்ற மூன்றும் உலர்ந்த கரி படிந்து கறுத்திருந்தன. அந்தக் கறுப்பைக் கண்டு நான் வியப்படையவில்லை. 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கார்பரேட்டரில் பெற்றோல் வரும் சிறு துளைகளான ஜெட்டுகளோ கீழ்நாட்டுக் காற்றுக்கு ஏற்ற அளவில் துளையிடப்பட்டவை. எனவே கொழும்பில் சரியாக ஓடும் வண்டி இங்கே வரும்போது காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் குடிக்கிறது. கறுத்த பிளக் எஞ்சினில் பெற்றோல் கலவை மிகுதியாக இருப்பதைக் காட்டுகிறது என்பதைக் கொப்பியில் தனியாக எழுதி வைத்தேன். கார்பரேட்டர் வழக்கில் பின்னர் அதுவே முக்கியமான சாட்சியானது.

மூன்றாம் பிளக்கை முதலாம் சிலிண்டருக்கும் முதலாவதை மூன்றாவதுக்கும் மாற்றியபோது மிஸ் மூன்றாவதிலேயே நின்றது. வயரை மாற்றியபோதும் அங்கேயே நின்றது. அடுத்ததாகக் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தத்தை, அளந்தேன். நான்கு பிளக்குகளையும் கழற்றி, கொயில் வயரைத் துண்டித்து, பெடலை முழுதும் மிதித்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றியபோது நான்கு சிலிண்டர்களும் சதுர அங்குலத்துக்கு 128 முதல் 134 இறாத்தல் வரை காட்டின. இந்த உயரத்தில் காற்றே மெலிந்திருப்பதால் கையேட்டிலுள்ள எண்ணைவிடக் குறைவாக வருவது இயல்பு. சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பத்து வீதத்தைத் தாண்டவில்லை என்பதே நான் அறிய விரும்பியது. வால்வும் பிஸ்டன் ரிங்கும் குற்றமற்றவை என்று தெரிந்தபின், மிஞ்சியது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மட்டுமே.

அன்றிரவு முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு, மாமாவை எஞ்சினைத் தொடங்கச் சொல்லி, தலைமயிருக்கு நீர் தெளிக்கும் சிறு போத்தலால் மூடியைச் சுற்றி மெல்லிய தூவலாகத் தண்ணீர் அடித்தேன். பகல் வெளிச்சத்தில் ஒருபோதும் கண்ணுக்குத் தெரியாத காட்சி அது. மூடியில் மூன்றாம் சிலிண்டரின் வயர் செருகும் கோபுரத்துக்குக் கீழே, கவ்வும் கம்பி பிடிக்கும் இடத்தை நோக்கி, நீல நிறத்தில் ஒரு நூல் நெளிந்து நெளிந்து இறங்கியது. அந்த நூல் தோன்றும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. மூடியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், மேசை விளக்கின் கீழ் உருப்பெருக்கியால் பார்த்தபோது, பக்கச்சுவரில் நகக்கீறல் போன்ற ஒரு வெடிப்பும், அந்த வெடிப்பின் நீளம் முழுவதும் பென்சிலால் கோடிழுத்தாற்போல் சாம்பல் நிறக் கரித்தடமும் இருந்தன. விரல் நுனியால் தடவினால் வெடிப்பு உணரப்படவில்லை. நகத்தை ஓட்டினால் மட்டும் தட்டியது. பேக்கலைட் எரிந்து கரியாகும்போது அந்தக் கரியே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடுகிறது. பனியின் ஈரம் அதில் ஒட்டியதும், பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட அந்தப் பாதை வழியாக எர்த்துக்கு ஓடுவது மின்பொறிக்கு எளிதாகிறது. எஞ்சின் சூடேறி ஈரம் காய்ந்ததும் குலுக்கல் அடங்கியதன் காரணமும் இதுவே.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலுள்ள உதிரிப்பாகக் கடையொன்றிலிருந்து புதிய மூடியும், அதற்குள் சுழலும் ரோட்டரும் பஸ்ஸில் வந்து சேர நான்கு நாள் ஆகும் என்றார்கள். கோவாவும் லீக்ஸும் நான்கு நாள் காத்திருக்காது. எனவே கரித்தடத்தைப் பேனாக்கத்தியின் நுனியால் கரியில்லாத பேக்கலைட் தெரியும் வரை சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, தங்கச்சியின் நகப்பூச்சை இரண்டு தடவை பூசினேன். இது சில நாட்களுக்கு மட்டும் தாங்கும் ஏற்பாடு. ஆனால் அந்தச் சில நாட்களும் அது தாங்கியது. மறுநாள் காலை, முற்றம் முழுதும் பனி இறங்கியிருந்தபோதும், எஞ்சின் நான்கு சிலிண்டர்களிலும் தொடங்கியது. இன்னொரு வேலையையும் அன்று செய்தேன். மின்பொறி இல்லாத சிலிண்டரில் எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தபோது பெற்றோல் வாசனை தெளிவாக வந்ததால் எஞ்சின் ஒயிலையும் மாற்றினேன். மூன்று சிலிண்டரில் ‘எப்படியோ ஓடுகிறதே’ என்று வாரக்கணக்கில் ஓட்டுவது எஞ்சினைத் தேய்க்கும் வேலை என்று மாமாவுக்கும் அன்று எடுத்துச் சொன்னேன்.

அந்த மகிழ்ச்சி நானுஓயா ஏற்றம் வரைதான் நீடித்தது. மூன்றாம் கியரில், பாதி மிதியில், பழைய வெட்டு அப்படியே திரும்பிவந்தது.

ஒரே பழுது என்று நான் எண்ணியது பிழை என்பதை அங்கேதான் ஏற்றுக்கொண்டேன். காலைக் குலுக்கல் ஒரு சிலிண்டருக்கு உரியது, ஒழுங்கானது, ஈரத்தோடு வருவது. ஏற்றத்து வெட்டோ எல்லாச் சிலிண்டர்களையும் சேர்த்துத் தாக்கியது, ஒழுங்கற்றது, ஈரத்தோடு தொடர்பில்லாதது. கராஜில் கார்பரேட்டரைச் சந்தேகித்ததற்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பாதி மிதியில் தடுமாறி, முழு மிதியில் சரியாகும் எஞ்சினைக் கண்டால், பிரதான ஜெட் அடைபட்டுக் கலவை மெலிந்திருக்கிறது என்றும், முழுதாக மிதிக்கும்போது பவர் வால்வு திறந்து மேலதிகப் பெற்றோலைக் கொடுப்பதால் குறை மறைகிறது என்றும் நினைப்பது முறையான ஊகமே. ஆனால் கலவை அவ்வளவு மெலிந்திருந்தால் பிளக்குகள் வெளுத்திருக்க வேண்டும். நான் கழற்றிய பிளக்குகளில் எரிந்துகொண்டிருந்த மூன்றும் கறுத்திருந்தன. ஆகவே அந்த ஊகம் நிற்கவில்லை.

அப்படியானால் பாதி மிதியில் மட்டும் நிகழ்ந்து, ஐட்லிங்கிலும் முழு மிதியிலும் நிகழாதது எது? கொப்பியில் இந்தக் கேள்வியை எழுதி அதன் கீழே ஒவ்வொரு பாகமாக எழுதிக்கொண்டு வந்தபோது, வெக்குவம் அட்வான்ஸ் என்ற பெயரில் பேனா நின்றது. பாதி மிதியில் சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவாக இருப்பதால் அது மெதுவாக எரிகிறது. அதற்கு ஈடாக மின்பொறியைச் சற்று முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கார்பரேட்டரின் திரொட்டில் தகட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறு துவாரத்திலிருந்து இறப்பர் குழாய் வழியாக உறிஞ்சப்படும் வெற்றிடம், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள வட்டக் கிண்ணத்தின் சவ்வை இழுக்கிறது. அந்தச் சவ்வு, பொயின்ட் பொருத்தப்பட்ட தட்டைச் சில பாகை திருப்புகிறது. ஐட்லிங்கில் அந்தத் துவாரம் மூடிய தகட்டுக்கு மேற்பக்கத்தில் இருப்பதால் உறிஞ்சல் இல்லை. முழுதாக மிதிக்கும்போது சிலிண்டர்களுக்குக் கலவை போகும் மெனிஃபோல்டில் வெற்றிடம் அநேகமாக இல்லாமல் போவதால் அப்போதும் உறிஞ்சல் இல்லை. தட்டு திரும்பி நிற்பது இடைப்பட்ட மிதியில் மட்டுமே. மாமா சொன்ன வார்த்தையை எழுத்துக்கு எழுத்து மெய்ப்பிப்பதுபோல் அது இருந்தது.

இதைச் சோதிக்க ஒரு சதமும் செலவாகவில்லை. கிண்ணத்திலிருந்து குழாயைக் கழற்றி, கார்பரேட்டர் பக்கத்து முனையில் ஒரு சிறு போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டு, அதே ஏற்றத்தில் அதே சுமையுடன் ஏறினோம். எஞ்சின் சற்றே மந்தமாக இருந்தது. ஆனால் ஒரு வெட்டுக்கூட இல்லை. கீழே இறங்கிவந்து குழாயை மீண்டும் மாட்டி ஏறியபோது வெட்டு திரும்பியது. பிறகு குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடித்தேன். நாக்கு இழுபட்டபடியே நின்றது. சவ்வு கிழியவில்லை என்பது இதனால் உறுதியானது. சவ்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அது தட்டைத் திருப்பும்போது வேறு ஏதோ ஒன்று கெடுகிறது.

கொயிலின் எதிர் (−) முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வயரைக் கழற்றி, அந்த முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீற்றரை ஓமில் வைத்தேன். பொயின்ட் மூடியிருந்ததால் மீற்றர் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. குழாயை வாயால் உறிஞ்சியதும் தட்டு ‘டக்’கென்று திரும்பியது, மீற்றரின் எண் மறைந்து, சுற்று அறுபட்டதாகக் காட்டியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்த நான் உடனே உட்கார்ந்துவிட்டேன். தட்டு திரும்பும்போது பொயின்ட்டின் குதி (உரசும் பகுதி) டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேமின் மேட்டில் ஏறினால், பழுது எதுவும் இல்லாவிட்டாலும் பொயின்ட் திறந்து இதே அளவீடு வரும். எனவே எஞ்சினைக் கையால் சற்றுச் சுழற்றி, கேமின் இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள தாழ்ந்த பகுதியின் நடுவில் குதியை நிறுத்திவிட்டு மீண்டும் உறிஞ்சினேன். அப்போதும் அறுபட்டது. ஐயம் முற்றாக நீங்குவதற்காக, வெளிமுனைக்கும் பொயின்ட் கைக்கும் இடையிலுள்ள சிறு கம்பியை மட்டும் தனியாக அளந்தேன். தட்டு நேராக நிற்கும்போது தொடர்பு இருந்தது, திரும்பினால் இல்லை. பழுது அந்த விரல் நீளக் கம்பிக்குள்தான் இருந்தது.

வெளியே பார்த்தால் அந்தக் கம்பியில் எந்தக் குறையும் இல்லை. துணி சுற்றிய உறை முழுமையாக இருந்தது. இரண்டு விரல்களால் பிடித்து மெதுவாக வளைத்தபோது, ஓரிடத்தில் மட்டும் எலும்பில்லாத இடம்போல் மடிந்தது. உறையைக் கீறிப் பிரித்ததும் உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, முனைகள் பச்சை பூத்து நின்றன. தட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்தக் கம்பி வளைகிறது. வளைவும் நிமிர்வுமாக ஓடும் மலைவீதியில், பெடல் ஏறியிறங்கும் ஒவ்வொரு தடவையும் அது வளைந்து நிமிர்ந்திருக்கிறது. கடைசி இழையும் அறுந்த பிறகு, உறைதான் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்துக்கொண்டிருந்தது. தட்டு திரும்பினால் முனைகள் விலகும். கொயிலுக்கு மின்னோட்டம் நிற்கும். எந்தச் சிலிண்டருக்கும் மின்பொறி போகாது.

இந்தக் கம்பிக்குப் பதிலாகச் சாதாரண வீட்டு வயரைப் போடக்கூடாது. தடித்த இழைகள் சில மாதங்களில் மீண்டும் முறியும். பழைய மல்டிமீற்றர் ஒன்றின் சோதனை வயரில், சிலிக்கன் உறைக்குள் தலைமயிர்போன்ற மெல்லிய இழைகள் நிறைந்திருந்தன. அதில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனைகளிலும் சிறு வளைய டேர்மினல்களை நசுக்கிப் பொருத்தினேன். ஈயம் வைத்து ஒட்டினால் அது இழைகளுக்குள் ஊடுருவி, ஊடுருவிய எல்லையில் கம்பியை விறைப்பாக்கி அங்கேயே முறியச் செய்யும் என்பதால் ஒட்டவில்லை. தட்டு முழுதும் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வாகவும், சுழலும் கேமிலோ ரோட்டரிலோ உரசாத அளவுக்கு ஒதுக்கமாகவும் அதன் வளைவை அமைத்தேன். தட்டை உடலோடு இணைக்கும் எர்த் கம்பியும் இதே பாட்டைத்தான் படுகிறது. அது இன்னும் அறவில்லை என்றாலும், மூடி கழன்றிருக்கும்போதே அதையும் மாற்றிவிட்டேன்.

பொயின்ட்டின் ஒரு முகத்தில் சிறு மேடும் மறுமுகத்தில் அதற்கேற்ற குழியும் இருந்ததால் பொயின்ட்டையும் கொண்டென்சரையும் சேர்த்து மாற்றி, குதி கேமின் உச்சியில் நிற்கும்போது இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.5 மில்லிமீற்றராக வைத்தேன். பொயின்ட் இடைவெளி மாறினால், மின்பொறி பாயும் நேரமான டைமிங்கும் மாறும் என்பதால், வெக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட்டால் அதைச் சரிசெய்தேன். எஞ்சின் சூடாக இருந்தபோதே வால்வுகளுக்குரிய டப்பட் இடைவெளிகளை 0.35 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தேன். குளிரில் தொடங்குவதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக்கின் கேபிள் துருப்பிடித்து, அதன் தகடு முழுதாகத் திறக்காமல் நின்றிருந்தது. பிளக்குகள் அந்த அளவுக்குக் கறுத்ததற்கு உயரத்தோடு அதற்கும் பங்குண்டு. புதிய மூடி வந்ததும் வயர்களை 1-3-4-2 என்ற எரிவரிசைப்படி ஒவ்வொன்றாகப் பழைய மூடியிலிருந்து புதியதுக்கு மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டு நினைவிலிருந்து மாட்ட முனைந்தால், இல்லாத மிஸ் ஒன்றை நாமே உண்டாக்கிவிடுவோம்.

அடுத்த சனிக்கிழமை நானூறு கிலோ கோவாவுடன் ஏறினோம். நானுஓயாவுக்கு முன்னுள்ள வளைவுகளில் மாமா வேண்டுமென்றே பெடலைப் பாதி மிதியில் பிடித்து நிறுத்தி, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஓட்டினார். மூன்று வளைவுகள் தாண்டிய பிறகுதான் அவர் தோள் தளர்ந்தது. நுவரெலியாவில் சுமையை இறக்கிவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு நீங்கி, பழுப்பு நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.

இன்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் பொயின்ட் இடைவெளி சற்று மாறுகிறது. உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. இப்போதைக்கு அது ஓட்டத்தைப் பாதிக்கவில்லை. மழை ஓய்ந்து காய்கறி வரத்து குறையும் வாரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாகக் கழற்றி, லேத் வேலை செய்பவரிடம் கொடுத்துப் புதிய புஷ் போடவிருக்கிறோம். அதுவரை சிலிக்கன் வயரில் மிஞ்சிய துண்டும் இரண்டு டேர்மினல்களும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு மாமாவின் டேஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கின்றன.